ஆறு மாசமாகியும் எலும்பு முழுசா கூடலைன்னு ரிப்போர்ட். ஆபரேஷன் தோத்துடுச்சுன்னு அர்த்தமா?

மழைத்துளி:
அம்மாவுக்கு வயசு 58. கீழ் முதுகுல எல்4 முள்ளெலும்பு, அதுக்குக் கீழ இருக்கிற எல்5 மேல முன்னாடி நழுவி, கால் மரத்துப்போய், ரெண்டையும் ஒண்ணா இணைக்கிற ஃப்யூஷன் ஆபரேஷன் பண்ணாங்க. நாலு ஸ்க்ரூ, ரெண்டு ராடு, ரெண்டு எலும்புக்கும் நடுவுல கேஜ்னு ஒரு சின்னக் கூடு. கால் வலி போயிடுச்சு. இடுப்பு வலியும் நல்லா குறைஞ்சிருக்கு, ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தா மட்டும் பிடிச்சுக்குது. இப்ப ஆறாம் மாச எக்ஸ்ரே ரிப்போர்ட்ல "முழுமையான எலும்பு இணைப்பு உறுதியாகத் தெரியவில்லை"ன்னு எழுதியிருக்காங்க. டாக்டர், ஒரு வருஷம் ஆகட்டும், சிடி எடுத்துப் பார்ப்போம்ங்கிறார். அம்மா அந்த ஒரு வரியையே படிச்சுப் படிச்சு, மறுபடி கத்தி வைக்கணுமோன்னு ராத்திரி தூங்குறதில்லை. எம்ஆர்ஐ எடுத்தா இப்பவே தெரிஞ்சிடாதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கேன் அறை:
மேடம், நான் சிடி, எக்ஸ்ரே எடுக்கிற டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுறது ரேடியாலஜிஸ்ட், முடிவு சொல்றது சர்ஜன். படத்துல என்ன தெரியும், என்ன தெரியாதுங்கிறதை மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க: ஆறு மாசத்துல "தெரியலை"ன்னா தோத்துடுச்சுன்னு அர்த்தமே இல்லை. கேஜுக்குள்ளயும் சுத்தியும் வச்ச எலும்புத் துணுக்குகள் மெல்ல மெல்லத்தான் புது எலும்பா மாறி, மேல் முள்ளெலும்பையும் கீழ் முள்ளெலும்பையும் சேர்க்கும். அதுவரைக்கும் ஸ்க்ரூவும் ராடும், கான்கிரீட் இறுகுற வரை நிக்கிற சென்ட்ரிங் பலகை மாதிரி, அசையாம தாங்கிப் பிடிக்கும். ஒரு வருஷம் ஆகுறதுக்கு முன்னாடி எலும்பு கூடலைன்னு பொதுவா முத்திரை குத்த மாட்டாங்க. உங்க டாக்டர் சொல்றது சரியான வழிதான்.

எம்ஆர்ஐ இதுக்கு ஏத்ததில்லை. நரம்பு நசுங்குதா, பக்கத்து டிஸ்க் எப்படி இருக்குன்னு பார்க்க அது நல்லது. ஸ்க்ரூ இருக்கிற இடத்துல படம் கலங்கிப்போகும், எலும்புப் பாலத்தை நம்பிச் சொல்ல முடியாது.

எலும்புக்கு சிடிதான். அதுலயும் மெல்லிய வெட்டுகளா எடுத்து, பக்கவாட்டுலயும் முன்பக்கத்துலயும் மாத்தி அமைச்சுப் பார்க்கணும். அப்படி அடுத்தடுத்த வெட்டுகளை ஓட்டிப் பார்க்கும்போது, மேல் எலும்போட அடித்தட்டுல கிளம்புற நார் மாதிரியான எலும்பு வரிகள் நடுவுல அறுபடாம கீழ் எலும்போட மேல்தட்டு வரைக்கும் போகணும். வெறுமனே வெள்ளையாத் தெரிஞ்சா போதாது. வச்ச துணுக்கும் முதல் நாள்லேயே வெள்ளையாத்தான் தெரியும். குறுக்கே மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஓடினா, அந்த இடம் இன்னும் சேரலை. ஸ்க்ரூவைச் சுத்திக் கறுப்பு வளையம் இருக்கா, கேஜ் எலும்புக்குள்ள இறங்கியிருக்கா, ராடு உடைஞ்சிருக்கா, இதையெல்லாம் கூடவே பார்ப்பாங்க.

குனிஞ்சும் நிமிர்ந்தும் எடுக்கிற எக்ஸ்ரே பத்தி ஒண்ணு சொல்லியாகணும், எனக்கு அதுல ரொம்ப அக்கறை. ரெண்டு படத்துக்கும் நடுவுல கோணம் 5 டிகிரிக்குள்ள, நகர்வு 3 மி.மீ.க்குள்ள இருந்தா அசைவு இல்லைன்னு எடுத்துக்கிறது பரவலான வழக்கம். ஆனா வலிக்குமோன்னு பயந்து பலபேர் முட்டியை மடக்கி, தொடை மூட்டுல மட்டும் சாய்வாங்க. நடு முதுகு பலகை மாதிரி நேரா நிக்கும். அந்தப் படத்துல "அசைவு இல்லை"ன்னு வந்தா அதுக்கு என்ன மதிப்பு? நல்லா குனிஞ்சாலுமே, ஸ்க்ரூ இறுக்கமா இருக்கிற வரை எலும்பு கூடாத இடமும் அசையாம இருக்கலாம். அதனால அசைவு இருந்தா அது முக்கியமான தகவல். அசைவு இல்லைங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

காலைநடை:
என் அனுபவம் தலைகீழ், அக்கா. எனக்கு அதுக்கு அடுத்த கீழ் மட்டம், எல்5-எஸ்1ல ஃப்யூஷன் பண்ணினாங்க. சிடியில எலும்பு அருமையா கூடியிருந்துச்சு, வலி மட்டும் விடலை. ஸ்க்ரூதான் காரணம்னு நானே நினைச்சுட்டிருந்தேன். கடைசியில இடுப்பெலும்பும் திரிக எலும்பும் சேருற மூட்டுல ஊசி போட்டுப் பார்த்தாங்க, வலி சட்டுன்னு இறங்குச்சு. எலும்பு முழுசா கூடாமலேயே வலியில்லாம நல்லா நடமாடுறவங்களும் இருக்காங்கன்னு என் சர்ஜன் சொன்னார். உங்க அம்மா நல்லாத் தேறி வர்றாங்க, அதைப் பெருசா எடுத்துக்கோங்க.

மழைத்துளி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், முகம் தெளிஞ்சுது. அவங்களுக்கு சுகர் இருக்கு. எலும்பு கூட நாங்க வீட்டுல எதாவது செய்யலாமா? சிடிக்குப் போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஸ்கேன் அறை:
சுகர் கட்டுப்பாட்டுல இருக்கணும், அது எலும்புக்கும் முக்கியம். வைட்டமின் டி குறைவா இருக்கான்னு ரத்தப் பரிசோதனை பண்ணலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. புகைபிடிக்கிறது எலும்பு கூடுறதைத் தடுக்கிற பெரிய காரணம். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருக்காதுன்னு நினைக்கிறேன், இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஸ்டீராய்டு மாத்திரையோ தினசரி வலி மாத்திரையோ எடுத்தா அதையும் சர்ஜன்கிட்ட மறைக்காம சொல்லுங்க, நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

காய்ச்சல், தையல் இடத்துல நீர் கசியறது, கால்ல புதுசா பலக்குறைவு, சிறுநீர் கட்டுப்பாடு போறது, இதுல எது வந்தாலும் ஒரு வருஷக் கணக்கெல்லாம் பார்க்காதீங்க, அன்னிக்கே காட்டணும். குறைஞ்ச வலி மறுபடி ஏறுனாலும் சீக்கிரமே போய்ப் பாருங்க.

சிடிக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் எடுத்த முதல் எக்ஸ்ரேயை அவசியம் கொண்டுபோங்க, ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கேஜ் அன்னிக்கு எங்க இருந்துச்சு, இன்னிக்கு எங்க இருக்குன்னு ஒப்பிட அதுதான் உதவும். உள்ள ஸ்க்ரூ இருக்குன்னு படுக்க வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. உலோக நிழலைக் குறைக்கிற மாதிரி மெஷினை அமைச்சுக்குவாங்க.