விஎம்மில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு சேர்த்ததும் இணையம் நின்றுவிட்டது

கேள்வி

வணக்கம். லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளுக்குள், விஎம்மாக (மெய்நிகர் கணினியாக) ஒரு உபுண்டு லினக்ஸ் சர்வர் ஓட்டுகிறேன். அதன் முதல் அடாப்டர் (நெட்வொர்க் கார்டு) நாட், அதாவது லேப்டாப்பின் இணைப்பு வழியாக வெளியே போகும் முறை. அது மட்டும் இருந்தவரை இணையம் ஒழுங்காக வந்தது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து நுழையும் வழி) உள்ளே நுழைவதற்காக இரண்டாவது அடாப்டராக ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்பும் விஎம்களும் மட்டும் பேசிக்கொள்ளும் வலை) சேர்த்தேன். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதும் நெட்பிளான் கோப்பில் அதற்கு 192.168.56.10 என்ற முகவரியும், கேட்வேயாக (வெளியே போகும் வாசலாக) 192.168.56.1-உம் கொடுத்தேன். எஸ்எஸ்ஹெச் உடனே கிடைத்தது. ஆனால் அப்போதிருந்து, மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளை நகரவே இல்லை. இணையத்தில் இருக்கும் 8.8.8.8-க்குப் பிங்கும் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகவில்லை. இரண்டாவது கார்டை டவுன் செய்தால் இணையம் திரும்பி வருகிறது.

இன்னொன்று. இதே விஎம்மை க்ளோன் செய்தும் (அப்படியே நகலெடுத்தும்) வைத்திருக்கிறேன். இரண்டிலும் 10.0.2.15 என்றே காட்டுகிறது. முகவரி மோதல்தான் காரணமா? இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் 1

10.0.2.15 பற்றிக் கவலை வேண்டாம். நாட் முறையில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனக்கென்று ஒரு குட்டி ரூட்டர் உண்டு. எல்லாவற்றிலும் முகவரி 10.0.2.15, கேட்வே 10.0.2.2 என்றுதான் வரும். ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாது.

சிக்கல் நீங்கள் எழுதிய கேட்வேயில் இருக்கிறது. பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) போகும் வழிகளைக் காட்டும் ஐபி ரூட் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், டீஃபால்ட் (வெளியே போகும் வழி) என்று இரண்டு வரி தெரியும். நாட் கார்டின் வரியில் மெட்ரிக் (வழியின் முன்னுரிமை எண்) 100 இருக்கும். நீங்கள் கையால் எழுதியதில் மெட்ரிக்கே இருக்காது, அதாவது 0. எண் சிறியதாக இருக்கும் வழிதான் முந்தும். அதனால் வெளியே போக வேண்டிய பாக்கெட் எல்லாம் 192.168.56.1-க்கு, அதாவது உங்கள் லேப்டாப்புக்கே போகிறது. அதை வாங்கி இணையத்துக்குக் கடத்திவிடும்படி லேப்டாப்பை யாரும் அமைக்கவில்லை. அங்கேயே அது செத்துவிடுகிறது.

கேட்வே வரியை எடுத்துவிடுங்கள். அந்தக் கார்டுக்கு முகவரியும், சப்நெட்டின் (உள் வலையின்) அளவைச் சொல்லும் /24 என்ற மாஸ்க்கும் போதும். ஒரே சப்நெட்டில் இருப்பவர்கள் பேசிக்கொள்ள கேட்வே எதற்கு?

புதுக் கார்டு என்றதும் முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் நிரப்பக் கை தானாகப் போகும். முன்பு வேலை பார்த்த இடத்தில், டேட்டாபேஸ் விஎம் ஒன்றுக்குப் பேக்கப்புக்கென்று மூன்றாவது கார்டு சேர்த்தபோது நானும் இதையே செய்தேன். அந்த இரவு முழுக்க அதன் பின்னால் ஓடினேன். அதிலிருந்து ஒரு பழக்கம்: கோப்பைத் திறப்பதற்கு முன்னால், எந்தக் கார்டுக்கு என்ன வேலை, வெளியே போகும் வழி எது என்று தாளில் எழுதிவிடுவேன். வெளியே போகும் வழி என்று ஒரே ஒரு கார்டுக்கு எதிரில்தான் எழுத வேண்டும்.

மாற்றியதும் நெட்பிளான் ட்ரை போடுங்கள். 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே அது திரும்பிவிடும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்னிடம் நாட்டும் பிரிட்ஜும் (விஎம்மை வெளி வலையில் நேரடியாகச் சேர்க்கும் முறை) சேர்ந்த விஎம் இருக்கிறது. இரண்டுக்கும் டிஹெச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் சேவை) கேட்வே கொடுத்துவிடும். பிரிட்ஜ் கார்டில் டிஹெச்சிபி தரும் ரூட்டுகளை வேண்டாம் என்று நெட்பிளானில் அணைத்தேன். அப்புறம் வேறு சப்நெட்டிலிருந்து பிரிட்ஜ் முகவரிக்கு வருபவர்களுக்குப் பதிலே போகவில்லை. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பாக்கெட் வந்து இறங்குவது தெரிகிறது, நிரலுக்கு மட்டும் எட்டவில்லை! ஆர்பி ஃபில்டர் என்ற கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அமைப்பு 1 என்று இருந்ததுதான் காரணம். வந்த வழியும் திரும்பும் வழியும் வேறு என்றால் கெர்னலே அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அதை 2 ஆக்கினால் பாக்கெட் உள்ளே வரும், ஆனால் பதில் நாட் பக்கமாகவே வெளியேறும். பிரிட்ஜ் முகவரியிலிருந்து கிளம்புவதற்குத் தனி ரூட்டிங் டேபிளும் (வழிப் பட்டியல்) அதைப் பார்க்கச் சொல்லும் ஐபி ரூலும் எழுதிய பிறகுதான் சரியானது. உங்கள் தேவைக்கு இவ்வளவு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

கேட்வே வரியை நீக்கினேன், ஆப்ட் ஓடுகிறது. மிக்க நன்றி. இப்போது க்ளோனையும் கிளப்பினேன். எஸ்எஸ்ஹெச்சில் 192.168.56.10-க்குப் போனால் சில சமயம் என் கோப்புகளைக் காணவில்லை. க்ளோனுக்குள் போய்விடுகிறேனோ?

பதில் 1

ஆமாம், மோதல் இங்கேதான் இருக்கிறது. நெட்பிளான் கோப்பும் க்ளோனோடு போயிருக்கும், ஆக ஒரே ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் இரண்டு 192.168.56.10. எஸ்எஸ்ஹெச்சில் சர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீயும் நகலாகிவிட்டதால் வழக்கமாக வரும் எச்சரிக்கைகூட வராது. தவறான விஎம்மில் எதையாவது அழித்துவிடுவதற்குள் க்ளோனை நிறுத்துங்கள். மறுபடி கிளப்பும்போது எஸ்எஸ்ஹெச்சில் போகாமல், விர்ச்சுவல்பாக்ஸில் அதன் சொந்தக் கன்சோலில் (திரையில்) நுழைந்து முகவரியை 192.168.56.11 ஆக்குங்கள், ஹோஸ்ட் கீயைப் புதிதாக உருவாக்குங்கள், மெஷின் ஐடியையும் (கணினிக்கே உரிய அடையாள எண்) மாற்றுங்கள். கோப்பில் மேக் முகவரியை (கார்டின் வன்பொருள் முகவரி) குறிப்பிட்டிருந்தால் அதையும் பாருங்கள். க்ளோனின் ஹோஸ்ட்-ஒன்லி கார்டுக்குப் புது மேக் வந்திருந்தால் அந்தப் பகுதி பொருந்தாமல் கார்டு எழும்பாது.

கேள்வி கேட்டவர்

மாற்றிவிட்டேன். .10, .11 இரண்டுக்கும் தனித்தனியாக நுழைய முடிகிறது, இரண்டிலும் இணையம் வருகிறது.