அக்னாஸ்டிக் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மலர்விழி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

தொலைநிலைக் கல்வி மெய்யியல் பாடநூலில் 'அறிவியலும் சமய நம்பிக்கையும்' என்ற அலகை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, அக்னாஸ்டிக் (கடவுள் உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது என்பவர்) மட்டும் நிற்கிறது. அகராதியில் 'அறியொணாவாதி' (அறிய முடியாது என்று வாதிடுபவர்) இருப்பது தெரியும். பாடத்தில் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது.

இடிக்கும் இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, 1869இல் லண்டன் மெட்டபிசிக்கல் சொசைட்டியில் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி இந்தச் சொல்லை உண்டாக்கிய கதை. கூட்டத்தில் எல்லாரும் ஏதோ ஒரு 'இஸ்ட்' (ஒரு கொள்கையின் பெயரைத் தாங்கியவர்) ஆக இருக்க, தனக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லாமல் வால் இழந்த நரி போல நின்றதாக அவரே பின்னால் எழுதுகிறார். இரண்டாவது, 1879இல் டார்வின் எழுதிய கடிதம்: கடவுளை மறுக்கும் நாத்திகனாக நான் ஒருபோதும் இருந்ததில்லை, என் மனநிலைக்கு அக்னாஸ்டிக் என்பதே பொருந்தும் என்கிறார். மூன்றாவதுதான் கஷ்டம். 1889 கட்டுரையில் ஹக்ஸ்லி, இது ஒரு கொள்கையே அல்ல, ஒரு முறை என்கிறார். கொள்கை அல்ல என்று சொல்லும் வாக்கியத்திலேயே '-வாதம்' என்று எப்படி எழுதுவது?

மூன்றிலும் உட்காரும் ஒரு சொல் வேண்டும்.

மலர்


செந்தில் எழுதியது:

அறியொணாவாதம் போதும் மலர். முப்பது நாற்பது வருஷமாக நூல்களில் புழங்குகிறது. புதுச்சொல் போட்டால் மாணவர் அகராதியில் தேடிக் கிடைக்காமல் நம்மைத் திட்டுவார். ஜனநாயகம் என்ற சொல்லில் என்ன பொருத்தம் பார்த்தோம்?


ரங்கநாதன் எழுதியது:

இந்தியிலும் மலையாளத்திலும் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. அங்கே 'அஜ்ஞேயவாதம்', நாம் 'அஞ்ஞேயவாதம்' என்று எழுதிக்கொள்ளலாம். கிரேக்க 'க்னோ', வடமொழி 'ஞா' இரண்டும் ஒரே வேர். முன்னால் வரும் 'அ'வும் இரு மொழியிலும் மறுப்புதான். இதைவிட நெருங்கிய மொழிபெயர்ப்பு உலகில் எந்த மொழிக்கும் வாய்க்காது. ஆத்திகம், நாத்திகம் இரண்டும் அஸ்தி, நாஸ்தி என்று அங்கிருந்து வந்தவைதானே? மூன்றாவதற்கு மட்டும் ஏன் கூச்சம்?


சிவகாமி எழுதியது:

ரங்கநாதன் ஐயா, வேர் சரி. ஆனால் அஞ்ஞேயம் என்று எழுதினால் வாசிக்கிறவர் கண்ணில் விழுவது அஞ்ஞானம்தான். எங்கள் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் துண்டுப் பிரசுரங்களில் சைவர்களை அஞ்ஞானிகள் என்றுதான் எழுதினார்கள். ஆறுமுக நாவலர் 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதியதே இந்த வகைத் தூஷணங்களுக்குப் பதிலாகத்தான். கிறிஸ்தவத் தமிழில் அஞ்ஞானி என்றால் விக்கிரகத்தைக் கும்பிடுகிறவர். சைவத்தில் ஆணவமலத்தில் கிடக்கிறவர். டார்வினை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து அடிக்க விடப்போகிறோமா?

இன்னொன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் ஏதென்சில் காணும் பலிபீடத்தில் 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதியிருக்கும். ஹக்ஸ்லி சொல்லை எடுத்தது அந்தப் பலிபீடத்திலிருந்துதான் என்று அதே சொசைட்டியில் இருந்த இதழாசிரியர் ஹட்டன் சொல்லியிருக்கிறார். அப்படியானால் 'அறியப்படாத' என்ற சொல் வேதாகமத் தமிழில் ஏற்கெனவே கிடக்கிறது.


ரங்கநாதன் எழுதியது:

ஹட்டன் சொன்னது அது. ஹக்ஸ்லி தாமே சொல்வது வேறு. எல்லாம் தெரிந்தவர்கள் போல் பேசிய பழைய ஞானவாதக் (க்னாஸ்டிக்) கிறிஸ்தவர்களுக்கு எதிர்ச்சொல்லாகத் தோன்றியது என்கிறார். சொல்லைப் பெற்றவரையே கேட்போமே.


திருநாவு எழுதியது:

தாமதமாக வருவதற்குப் பொறுத்தருள்க. செந்தில் தம்பி 'போதும்' என்று சொல்லிவிட்ட பிறகு பேசுவது மரபல்லதான். ஆனாலும் அறியொணாவாதத்தை நான் எதிர்க்கிறேன். சுந்தரரை முன்னிட்டே எதிர்க்கிறேன்.

'இன்ன தன்மையன் என்று அறிவொண்ணா எம்மானை எளிவந்த பிரானை' என்று பாடுகிறார், ஆரூர்ப் பதிகத்தில். அப்பரும் 'இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்று எழுதிக் காட்டொணாதே' என்றார். சேக்கிழார் தொடங்குவதே 'உலகெலாம் உணர்ந்து ஓதற்கு அரியவன்' என்று. அறிய ஒண்ணாது என்பது நம் மொழியில் பக்தியின் உச்சப் பேச்சு. அறிய ஒண்ணாதவன், ஆனால் எளிவந்தவன், ஆகவே மறக்கலும் ஆமே என்று முடிகிறது அந்தப் பாட்டு. அறியொணாவாதி என்று போட்டால் மூவரில் இருவர் ஹக்ஸ்லியின் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள்.

'ஒண்ணா' எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 'ஒல்' என்ற வேரிலிருந்து என்பார் உண்டு. 'ஒல்வது அறிவது' என்று குறள், 'ஒல்லும் வகையான்' என்றும் குறள். எனக்கு அது உடன்பாடில்லை. ஒன்று என்ற எண் பேச்சில் ஒண்ணு ஆவது போல, ஒன்றுதல் என்னும் வினையின் 'ஒன்றா' ஒண்ணா ஆயிற்று என்பது என் கருத்து. தேவாரத்திலேயே பேச்சுமொழி ஏறிவிட்டது என்பதற்கு இது சான்றாகலாம். பொருந்தாது என்பதே அடிப்பொருள். அறிவு அவனோடு பொருந்தாது. அறிவின் குறையைச் சொல்லும் சொல் அன்று, உறவின் தன்மையைச் சொல்லும் சொல். இதைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.


அன்வர் எழுதியது:

ஐயா, அந்தத் தனி மடல் வெள்ளிக்குப் பிறகு வரட்டும், கோபிக்காதீர்கள் :-)

ஆனால் சுந்தரர் காட்டிய ஓட்டை உண்மையான ஓட்டை. இயற்பியல் வகுப்பில் நான் படும் பாடும் இதுதான். 'அறிய முடியாது' என்பதே ஒரு பெரிய அறிவுக் கோரிக்கை. முடியாது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். மெய்யியலாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1862இல் 'அறியவே முடியாதது' ஒன்று உண்டு என்று பெரிய எழுத்தில் எழுதினார். அவருக்கு அறியொணாவாதி கச்சிதம். 1872இல் ஜெர்மன் உடலியலாளர் து புவா-ரேமோன், சிலவற்றை அறியவே மாட்டோம் என்றார். 1930இல் கோனிக்ஸ்பர்க்கில் கணிதவியலாளர் ஹில்பர்ட், அறிந்தே தீர்வோம் என்று மறுத்தார். அந்தச் சண்டைக்கும் இந்தச் சொல் பொருந்தும். ஹக்ஸ்லி அந்தச் சண்டையில் இல்லை.

அவர் நிற்கும் இடத்தை 1860 கடிதத்தில் பார்க்கலாம். மூத்த மகன் நோயல் இறந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது. பாதிரியார் சார்ல்ஸ் கிங்ஸ்லி, மறுமை உண்டு என்று ஆறுதல் எழுதுகிறார். ஹக்ஸ்லியின் பதில்: ஆன்மா அழியாதது என்பதை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, நம்பக் காரணம் எதையும் காணவில்லை, பொய் என்று காட்ட வழியும் இல்லை. ஆசை பெரிதாக இருப்பதாலேயே சான்று குறைந்தாலும் போதும் என்று அவர் விடவில்லை. மகன் போன நேரத்தில்! இந்தச் சொல் பிறக்க அப்போது இன்னும் 9 ஆண்டு இருந்தது, ஆள் முன்பே தயார்.

இதில் 'முடியாது' எங்கே இருக்கிறது? 'எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன்' என்பதுதான் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: அறியேன் நிலை. ஆள் அறியேன்நிலையர். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.


செந்தில் எழுதியது:

அறியேன் நிலை என்று அனுப்பினால் மெய்ப்புப் பார்ப்பவர் 'அடியேன் நிலை' என்று திருத்திவிடுவார். டார்வின் ஆழ்வார் ஆகிவிடுவார்.

தவிர, அறியேன் என்பது நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது. தத்துவம் மாதிரி இல்லை.


மணிமாறன் எழுதியது:

'நொதுமலர்' (பகையும் நட்பும் இல்லாத அயலார்) எடுக்கலாமே? பகை, நொதுமல், நட்பு என்று பரிமேலழகர் பிரிப்பார். ஆத்திகர், நாத்திகர், நொதுமலர். தூய தமிழ், சங்கச் சொல், ஒரே சொல்.


சிவகாமி எழுதியது:

நொதுமலர் வரைவு என்றால் தலைவியை அயலார் பெண் கேட்டு வருவது! சங்கம் படித்த பிள்ளை சிரிக்கும், படிக்காத பிள்ளைக்கு விளங்காது. ஹக்ஸ்லி நடுவில் ஒதுங்கி நின்ற மனுசரும் இல்லை. 1860இல் ஒக்ஸ்போர்டில் பரிணாமம் பற்றிப் பிஷப் வில்பர்போசோடு மோதினவர். உண்டு இல்லை என்ற சண்டையில் நடுநிலைமை வேறு, சான்றில்லாமல் பேசாதே என்று இரண்டு பேரையும் மறிக்கிறது வேறு.


திருநாவு எழுதியது:

சிவகாமி அம்மா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்கள். அன்வர் தம்பி காட்டிய கடிதமும் என் மனத்தை மாற்றியது. இது உண்டா இல்லையா என்ற கேள்விக்கான மூன்றாவது விடை அன்று. கேள்வியே வேறு. எதைக் கொண்டு அறிந்தாய் என்ற கேள்வி. அதற்கு நம்மிடம் ஒரு துறையே உண்டு: அளவை, அதாவது எந்த வழியில் வந்த அறிவு செல்லும் என்று அளப்பது. காட்சி, கருதல், உரை என்று சிவஞானசித்தியார் தொடங்குமுன் அளந்துகொள்வது அதற்குத்தான். சமய வாதம் செய்பவன்கூட முதலில் அளவையை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையை எடுத்துப் பாருங்கள். அளவைவாதி பொய்யளவைகளை எட்டாக அடுக்குவான். அதில் ஐயம் ஒன்று: தறியோ மகனோ, கட்டையோ ஆளோ என்று மயங்குவது. அடுத்தது 'தேராது தெளிதல்': ஆராயாமலே தறியை ஆள் என்று முடிவுகட்டுவது. ஹக்ஸ்லி வாழ்நாளெல்லாம் எதிர்த்தது இந்த இரண்டாவதை அல்லவா? வள்ளுவரும் 'தேரான் தெளிவும்' தீரா இடும்பை தரும் என்றார். ஆகவே நிலைக்குப் பெயர் தேராது தெளியாமை. ஆளுக்குத் தேராது தெளியார். கொள்கை என்ற வாடையே இல்லை, முறை மட்டுமே இருக்கிறது. மலர்விழியின் மூன்றாவது வாக்கியம் தானாக உட்காரும்.


அன்வர் எழுதியது:

ஐயா, உண்மையிலேயே அழகு. படித்துவிட்டுப் பத்து நிமிடம் மணிமேகலையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் 'தேராது தெளியார்' என்று பிள்ளைகளிடம் சொன்னால் 'பரீட்சையில் தேறாதவரா சார்?' என்பார்கள். ர, ற வேறுபாட்டை வகுப்பில் காதால் பிரிக்க இப்போது எத்தனை பேருக்கு முடிகிறது? மிச்சம் பேர் தேர்தலில் தோற்றவர் என்பார்கள்.


ரங்கநாதன் எழுதியது:

வள்ளுவரிலேயே 'அறிதோறு அறியாமை கண்டற்றால்' இருக்கிறதே? அறியாமை காண்பவர் என்று வைத்தால் என்ன? (அஞ்ஞேயத்தை நான் இன்னும் கைவிடவில்லை.)


சிவகாமி எழுதியது:

அடுத்த அடியைப் பாருங்கள் ஐயா. 'காமம் செறிதோறும் சேயிழை மாட்டு'. புணர்ச்சி மகிழ்தல் அதிகாரம். மெய்யியல் தேர்வுத்தாளில் வேண்டாம்.


மணிமாறன் எழுதியது:

யாராவது '-வாதம்' பற்றிப் பேசுங்கள். வடசொல், போதாததற்குப் பக்கவாதம், முடக்குவாதம் என்று நோய்க்கும் அதே எழுத்து. மார்க்சியம், பெண்ணியம் போல '-இயம்' போட்டு 'அறியொணாவியம்' எனலாம்.


திருநாவு எழுதியது:

இயம் என்றால் வாத்தியம். பல்லியம், இன்னியம். ஆங்கில 'இசம்' காதில் விழுந்த பழக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு தூய தமிழ் என்று சொல்லாதீர்கள். அதைவிட வாதமே மேல், மணிமேகலையிலேயே இருக்கிறது.


மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொரு மணி. என் பெட்டியில் உள்ள கணக்கு: தனி மடல்களையும் சேர்த்தால் அறியொணாவாதத்துக்குப் பலர் (பாதிப் பேர் 'ஏதோ ஒன்றைப் போட்டு முடியுங்கள்' என்ற தொனியில்), அறியேன் நிலைக்குச் சிலர், தேராது தெளியாமைக்கு இருவர், அஞ்ஞேயத்துக்கு ஒருவர். நொதுமலரை மணிமாறனே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பாடத்தில் இப்படிச் செய்திருக்கிறேன். தலைப்பிலும் கலைச்சொல் பட்டியலிலும் அறியொணாவாதம். ஸ்பென்சர் பத்தியிலும் அதுவே. டார்வின் கடிதத்தில் 'அக்னாஸ்டிக்' என்று ஒலிபெயர்த்துவிட்டேன், அவர் வாயில் வேறெதுவும் ஒட்டவில்லை. 1889 பத்தியில் சொல்லே போடவில்லை. 'தேராது தெளிவதில்லை என்பதே இதன் சாரம், இது கொள்கை அன்று, முறை' என்று விளக்கமாக எழுதிவிட்டேன். கிங்ஸ்லிக்கு எழுதிய கடிதம் மூலப் பாடத்தில் இல்லை. ஆசிரியர் குழு அனுமதித்தால் பெட்டிச் செய்தியாகச் சேர்ப்பேன்.

ஒரே அலகில் மூன்று விதம் என்று பதிப்பாசிரியர் கத்துவார். கத்தட்டும்.


அன்வர் எழுதியது:

நல்ல ஏற்பாடு மலர். நான் வகுப்பில் அறியேன் என்றே சொல்லப்போகிறேன், பட்டியல் என்ன சொன்னாலும்.


செந்தில் எழுதியது:

நான் முதல் மடலில் சொன்னதுதான் கடைசியில் பட்டியலில் ஏறியது என்பதைப் பணிவுடன்...


திருநாவு எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்க. பெரும்பான்மை சொன்னதால் ஒண்ணாமை முடியாமை ஆகிவிடாது. மெய்ப்புப் படி வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சந்திப்பிழை பார்த்துத் தருகிறேன். ஆனால் நன்றியுரையில் என் பெயரைப் போட வேண்டாம். பட்டியலில் அந்தச் சொல்லுக்கு எதிரே மேற்கோள் தேடி யாராவது ஆரூர்ப் பதிகத்தைப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

'ஒண்ணா' பற்றிய தனி மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.