மறு: ஹெல்பர் ஃபங்ஷனுக்கு என்ன பேர்? (கூடவே டேட்டுக்கும்)

அக்கா, நம்ம தமிழ் கணினிச் சொல் பட்டியல்ல ஹெல்பர் ஃபங்ஷனுக்கு (பெரிய கோடுக்கு நடுவுல ஒரு சின்ன வேலைய செஞ்சு குடுக்கிற கோடு துண்டு) நீங்க சொன்ன "துணைச் செயற்கூறு" நல்லாதான் இருக்கு, ஆனா சப்ரூட்டீனுக்கும் (பேர் சொல்லி திரும்பத் திரும்ப கூப்பிடுற கோடு துண்டு) சிலர் துணைநிரல்னு எழுதுறாங்க, ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா படிக்கிறவன் திணறிருவான். "உதவி"ன்னா மெனுல இருக்கிற ஹெல்ப்தான் ஞாபகம் வருது. கொத்தனாருக்கு கலவை எடுத்துக் குடுக்கிற சித்தாள் மாதிரி வேலைதான், ஆனா பாடப்புத்தகத்துல சித்தாள்னு போட்டா சிரிப்பாங்க. என் ஓட்டு "ஒத்தாசை"க்கு. சேலத்துல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

ஆனா பேர் வெச்சா மட்டும் போதாதுங்க. ஒத்தாசைன்னு ஒரே ஃபைல் திறந்தா ரூபாய்க்கு கமா போடுறது, போன் நம்பர் சரிபார்க்கிறது, தேதி மாத்துறது எல்லாம் அங்கயே வந்து குமியும். பணம், தொலைபேசி, தேதின்னு விஷயத்த வெச்சு ஃபைல் பிரிக்கணும், ஒத்தாசைங்கிறது ஃபோல்டர் பேரா மட்டும் இருக்கட்டும்.

அதுல தேதி ஃபைலுக்கு ஒரு சொல் பத்தாது, ரெண்டு வேணும். ஏற்காட்டுல ஒரு லாட்ஜோட புக்கிங் சைட்ட பார்த்துட்டு இருக்கேன். லண்டன்ல இருக்கிறவர் மே 24க்கு ரூம் கேட்கிறார். அந்த மே 24 வெறும் காலண்டர் நாள், அதுக்கு நேர வலயமே கிடையாது. ஆனா கோடு எழுதினவங்க அத இந்திய நேரம் நடுராத்திரி 12 மணின்னு சேமிச்சிருந்தாங்க, அப்ப யூடிசில (உலகப் பொது நேரத்துல) அது மே 23 சாயங்காலம் 6:30, லண்டன் பிரவுசர்ல கோடைக்காலக் கணக்குல 7:30, ஆக அவருக்கு ரசீதுல மே 23ன்னு காட்டும். அதே ஆள் எப்ப பணம் கட்டினார்ங்கிறது வேற சங்கதி, அது உலகம் முழுக்க ஒரே நொடி, அத யூடிசில வெச்சு இந்திய நேரமா காட்டும்போது மட்டும் 5:30 மணி கூட்டினா சரியா வரும்.

பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில ரெண்டுக்கும் டேட்னு ஒரே பேர்தான், உள்ள பார்த்தா 1970 ஜனவரி 1ல இருந்து எண்ணின மில்லிசெகண்ட். அந்த மொழிக்குப் புதுசா வர்ற டெம்போரல்ங்கிற தேதி-நேர வசதியிலதான் பிளெயின்டேட் (வெறும் காலண்டர் நாள்), இன்ஸ்டன்ட் (உலகம் முழுக்க ஒரே நொடி)னு பிரிச்சிருக்காங்க. நம்ம பட்டியல்ல முன்னதுக்கு "தேதி", பின்னதுக்கு "கணம்"னு போடலாம்னு பார்க்கிறேன். அப்ப "தேதியைக் காட்டு"ங்கிற ஒத்தாசைக்குள்ள நேர வலயம் வந்தாலே தப்புன்னு படிக்கும்போதே தெரிஞ்சிரும்.

டைம்ஸ்டாம்ப்புக்கு "நேரமுத்திரை" ஏற்கெனவே இருக்கேன்னு அண்ணன் கேப்பாரு. அது டேட்டாபேஸ்ல பதிஞ்சு வெச்ச குறிக்கு பொருந்தும், இன்னும் நடக்காத செக்-இன் நேரத்துக்கு யார் முத்திரை குத்துனாங்க? அதனால அதையும் வெச்சுக்கலாம், கணத்துக்கு பதிலா வேணாம்.

"கணம்" கணிதத்துல செட்டுக்கும் வருதுங்கிறது எனக்கும் உறுத்துது. அதுக்கு மட்டும் வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க, மத்தத பட்டியல்ல ஏத்திடறேன்.