புதிதாகக் கட்டிய இன்ஜினில் ஆயில் கசிவு: பார்த்ததைச் சொல்லுங்கள்

டீசல்காரன்
கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் பின் கிராங்க் சீல்தான் கசிகிறது என்று சொல்லி கியர்பாக்ஸையே இறக்கிவிட்ட வண்டி அது. சீல் மாற்றி ஏற்றிய பிறகும் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங் அடியில் அதே சொட்டு. என்னிடம் வந்தபோது உரிமையாளர் ஒன்றும் பேசவில்லை, பில்லை மட்டும் நீட்டினார். இன்ஜினைக் கழுவித் துடைத்து, ஆயிலில் யு.வி. விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அந்த விளக்கை அடித்தேன். இன்ஜின் ஹெட்டின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்மூலையில், விரல் நுழையாத இடுக்கில், பச்சையாக ஒரு கோடு. அங்கிருந்து பிளாக்கின் முதுகு வழியே இறங்கி பெல் ஹவுசிங்கில் சேர்ந்து அடியில் சொட்டுகிறது. கேம் தண்டின் முனையை மூடும் அரைவட்ட கேம் பிளக் முடிந்து ஹெட்டின் தட்டைப் பகுதி தொடங்கும் முனையில் பேக்கிங் (கேஸ்கெட்) லேசாகத் தூக்கி நின்றது. அந்த முனையில் கடுகளவு சிலிக்கான் பசை வைத்திருந்தால் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கவே வேண்டாம். அந்த மனிதர் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஸ்பேனர்14
சிலிக்கான் பேச்சை எடுத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. வேறு இடத்தில் கட்டி வந்த இன்ஜின், வெளியே பொட்டுக் கசிவு கிடையாது. ஐடிலில் ஆயில் லைட் மினுங்க ஆரம்பித்தது. சேம்பரை, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டியை, இறக்கி ஆயில் பம்பு உறிஞ்சும் வாயில் இருக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைத் திருப்பினேன். வலை முழுக்கச் சிவப்புச் சிலிக்கான், மண்புழுக்கள் மாதிரி பின்னிக் கிடந்தது. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். சூடான ஆயிலில் கிடந்து கிடந்து அது பிய்ந்து விழும். மெயின் பேரிங்கைத் திறந்தால் செம்பு தெரிகிறது! இதற்குக் கசிவே மேல், குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். பேக்கிங் இருக்கிற இடத்தில் சிலிக்கானே கூடாது என்பது என் கட்சி.

காலிபர்
அண்ணே, கோபம் நியாயம்தான். ஆனால் குற்றம் சிலிக்கான் மேல் இல்லை, அளவின் மேல்.

நான் பார்த்தது சின்ன விஷயம். டைமிங் கவரும் (இன்ஜினின் முன்மூடி) பிளாக்கும் சேம்பரும் சந்திக்கிற மூலையில் ஒரே ஒரு துளி, துடைக்கத் துடைக்க வரும். கவர் பிளாக்கைவிட மயிரிழை உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்தப் படியை எந்தப் பேக்கிங்கும் அடைக்காது. அங்கே சிலிக்கான் பொட்டு வைத்தே ஆக வேண்டும்.

அதனால் பொதுவாகச் சொல்கிறேன். பேக்கிங் இல்லாமல் சிலிக்கானை மட்டும் நம்பும் சேம்பருக்கு 3 மில்லிமீட்டர் கோடு ஏறக்குறைய போதும், போல்ட் துளையின் உட்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். மேலே தோல் கட்டுவதற்குள் மூடிவிடுங்கள். பல டியூப்களில் அது 10 நிமிடம்தான். முழுசாக இறுக 24 மணி நேரம் விடுங்கள், அன்றைக்கே ஆயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது, கடைசியாக ஒருமுறை சால்வென்ட் போட்டுத் துடையுங்கள். பழைய பேக்கிங்கைச் சுரண்ட டிரில்லில் மாட்டும் நார் டிஸ்க் வேண்டாம். அதிலிருந்து உதிரும் உப்புத்தாள் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங் போச்சு. மெஷின் பண்ணின இரண்டு உலோக முகங்கள் நேராக ஒட்டும் இடமென்றால் அனேரோபிக் பசை நல்லது. அது காற்றில்லாத இடத்தில்தான் இறுகும், உள்ளே பிதுங்கியது இறுகாமல் ஆயிலோடு கரைந்து போய்விடும். ஸ்ட்ரெய்னர் அடைக்கும் பயம் இல்லை.

பிரீதர்
எல்லோரும் பேக்கிங்கையே பார்க்கிறீர்கள். ஓடுகிற இன்ஜினில் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். புது சீல், புது பேக்கிங், எல்லா இடத்திலும் ஈரம். கடைசியில், கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு கரி பிடித்து அடைத்திருந்தது. கிராங்க்கேஸில் காற்று போக வழியில்லாவிட்டால் ஆயில்தான் வழி தேடும். வால்வை மாற்றியதோடு சரி, வேறு எதையும் தொடவில்லை.

மெல்லியதகடு
சேம்பர் போல்ட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. கசிகிறது என்று இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இறுக்கிய சேம்பர் ஒன்று என் பெஞ்சுக்கு வந்தது. தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு குமிழாகப் புடைத்திருந்தது. துளைகளில் மட்டும் அது கண்ணாடியைத் தொடுகிறது, நடுவில் வெளிச்சம் தெரிகிறது. கார்க் பேக்கிங் துளைப்பக்கம் பிளந்து, நடுவில் அழுத்தமே படாமல் புதுசாக இருந்தது. மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கினேன். 6 மில்லி போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது, கார்க்குக்கு அதைவிடக் குறைவு. மேனுவலில் உள்ளதைப் பாருங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள்.

ஸ்பேனர்14
காலிபர் தம்பி, மூலையில் பொட்டு வைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டியூபைக் கையில் கொடுத்தால் பொட்டோடு நிறுத்துகிறவர் எத்தனை பேர்? நான் இறக்கிய அந்தச் சேம்பரில் பேக்கிங்கின் இரண்டு பக்கமும் சுற்றிப் பூசியிருந்தார்கள். இறுக்கும்போது பேக்கிங்கே வழுக்கி ஓரிடத்தில் வெளியே வந்திருந்தது. புதுப் பேக்கிங்கைக் காய்ந்த தகட்டில் வைத்து, நான்கு மூலையில் மட்டும் பொட்டு வைத்து மூடினேன். இதுவரை கசியவில்லை.