புதுப்பிப்பு: கரண்ட் பில் எகிறியதற்குக் காரணம் தெரிந்தது

யூனிட் கொஞ்சம்தான் கூடியது, பில் ஏன் இப்படி எகிறியது என்று முன்பு கேட்டிருந்தேன். மீற்றரில் பிழையில்லை. இங்கே இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே கூடின விலை. நிலையான கட்டணமும் ஏறும். மீற்றர் வாசிப்பு பிந்தினால் பயமில்லை, அந்த 60 யூனிட் எல்லையும் நாட்கணக்குக்கு ஏற்ப நகரும்.

திருகோணமலையில் கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் மாதங்களில் ஃபேன் இல்லாமல் படுக்க முடியுமா? அதனால் ரைஸ் குக்கருக்கு ஓய்வு. காஸும் மலிவா என்ன! 12.5 கிலோ சிலிண்டர் தேநீருக்கும் கறிக்கும் மட்டும். சோறும் புட்டும் பின்வளவில், சிரட்டையும் பொச்சுமட்டையும் போட்ட அடுப்பில். அம்மாவுக்குத்தான் புகை ஒத்துவரவில்லை.

இந்த மாதம் 60க்குள் நிற்கிறோம். அயன்பொக்ஸ் சண்டை மட்டும் தீரவில்லை: மகன் ஒற்றைச் சட்டைக்காக அதைச் சூடாக்குகிறான்.