மடிப்பாக்கத்தில் தரைத்தள ஃப்ளாட், 62 லட்சம்: வாங்கலாமா?

கேள்வி (வேப்பமரம்): ஊர் திருவாரூர். 11 வருடமாகச் சென்னையில் வாடகை. இதுதான் முதல் வீடு. 2009இல் கட்டியது. 950 சதுர அடி என்றார்கள், டேப் வைத்தால் உள்ளே 720தான். கையில் 14 லட்சம். ஜன்னலோரம் வேப்பமரம் இருப்பதால் மனைவிக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கணக்கர்: 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தராது. உங்கள் பங்கு 12.4 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் இன்னொரு 5.58 லட்சம். இதற்குக் கடன் கிடையாது. புரோக்கர் கமிஷனுக்கு முன்பே 4 லட்சம் இடிக்கிறது.

வேளச்சேரி அக்கா: தம்பி, தரைத்தளமா? 2015 டிசம்பரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்தது. 2023 டிசம்பரிலும் தெருவில் படகு வந்தது. உரிமையாளரைக் கேட்காதீர்கள், தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே தூக்கி மாட்டியிருந்தால் காரணம் இருக்கும்.

பத்திரம்: 720 பெரிய அதிர்ச்சி இல்லை, மிச்சம் எல்லோருக்கும் பொதுவான படிக்கட்டு, வராந்தா கணக்கு. பத்திரத்தில் மனையின் பிரிக்கப்படாத பங்கு, அதாவது அடிநிலத்தில் உங்களுக்குச் சேரும் பாகம், எவ்வளவு? பழைய கட்டடத்தில் அதுதான் சொத்து. 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் மூலப்பத்திரம்) இரண்டையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் தராதீர்கள்.

வேப்பமரம்: இஸ்திரிக்காரர் இடுப்பு வரை கை காட்டினார். மாடியில் ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறோம் அக்கா.