கொண்டை ஊசி வளைவில் எக்ஸ்ட்ரா லைட் அணைந்துவிடுகிறது. அவசரம், சனிக்கிழமைக்குள் சரி செய்ய வேண்டும்

அரவேணு_350 | புதன், இரவு 10.40
அண்ணன்மார்களே, உதவி வேண்டும். போன மாதம் பைக்குக்கு எல்ஈடி லைட் இரண்டு எக்ஸ்ட்ராவாகப் போட்டேன். நேர் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் பட்டென்று அணைகிறது, வளைவு முடிந்ததும் தானாக எரிகிறது. போன சனிக்கிழமை இரவு கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி மிஸ்ட்டில் இப்படி ஆகி, ரோட்டில் நின்ற காட்டெருமையைப் பத்தடி தூரத்தில்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போன பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. இந்தச் சனிக்கிழமையும் கோவையில் வேலை முடிந்து ஏற வேண்டும். பேட்டரி மாற்றினால் சரியாகுமா? அப்படியே முதுகு வலிக்கு நல்ல சீட் இருந்தாலும் சொல்லுங்கள்.

டிஎன்43 தம்பி | இரவு 10.52
பேட்டரிதான் ப்ரோ. குளிரில் பேட்டரிக்குத் தெம்பு குறையும். எனக்கும் ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. புதுசு போட்டேன், சரியாகிவிட்டது. யோசிக்காமல் மாற்றுங்கள்.

வோல்ட்மீட்டர் | இரவு 11.05
யோசித்துவிட்டே மாற்றலாம். எந்த வண்டி? லைட் எத்தனை வாட்? ஸ்விட்ச் சொன்னபடி லைட்டுக்குக் கரண்டைத் திறந்து மூடும் ரிலே இருக்கிறதா? இரண்டு லைட்டும் சேர்ந்து அணைகிறதா, ஒன்று மட்டுமா? ஹெட்லைட்டும் போகிறதா?

சர்க்யூட்சாமி | இரவு 11.20
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது, தம்பி. டாக்டரிடம் போய் "வலிக்கிறது, மாத்திரை கொடுங்கள்" என்றால் அவர் எதைக் கொடுப்பார்? 22 வருடமாக வயரிங் பார்க்கிறேன். இது ஸ்டேட்டர், அதாவது எஞ்சினில் கரண்ட் தயாரிக்கும் சுருள், அதன் பற்றாக்குறை, நூற்றுக்கு நூறு. வளைவில் முதல் கியர், எஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) விழும், கரண்ட் உற்பத்தி குறையும். போதாததற்கு 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. அதற்கு மேல் இரண்டு எல்ஈடி. அலங்காரம் செய்வதற்கு முன் கணக்குப் போடத் தெரிய வேண்டும்.

அரவேணு_350 | வியாழன், காலை 7.15
மன்னிக்கவும் அண்ணா, அவசரத்தில் எழுதிவிட்டேன். வண்டி 350 சிசி. லைட் ஒவ்வொன்றும் 20 வாட். இரண்டும் சேர்ந்தே அணைகிறது. ஹெட்லைட் போகவில்லை. ரிலே இருக்கிறது என்றுதான் கடையில் சொன்னார்கள்.

டிஎன்43 தம்பி | காலை 7.30
350 சிசி என்றால் எது ப்ரோ? ஏழெட்டு வண்டி இருக்கிறதே.

வோல்ட்மீட்டர் | காலை 8.10
சாமி அண்ணா, கணக்கையே போட்டுப் பார்ப்போம். 40 வாட்டை 12ஆல் வகுத்தால் மூன்றேகால் ஆம்பியர் சொச்சம். ஐடிலில் உற்பத்தி குறைந்தாலும் அதைப் பேட்டரி தாங்கிக்கொள்ளும். இந்த மாதிரி எல்ஈடி பெரும்பாலும் 10 வோல்ட் வரை இறங்கினாலும் எரியும். வோல்டேஜ் அவ்வளவு விழுந்திருந்தால் ஹெட்லைட் முதலில் மங்கியிருக்க வேண்டும், ஹாரன் முனகியிருக்க வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை.

அரவேணு தம்பி, ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்கிப் பாருங்கள். வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து 12.6 இருந்தால் பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. 3000 ஆர்பிஎம்மில் 13.8க்கும் 14.4க்கும் நடுவில் காட்டினால் சார்ஜிங்கும் சரி. இரண்டும் சரியென்றால் காசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்காரர் மகன் | காலை 9.02
எல்லோரும் வோல்ட் பேசுகிறீர்கள். லைட் வெள்ளையா மஞ்சளா என்று யாராவது கேட்டீர்களா? மிஸ்ட்டில் வெள்ளை லைட் எரிந்தாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான். எங்கள் அப்பா மேட்டுப்பாளையம் – ஊட்டி காய்கறி லோடு ஓட்டியவர். மஞ்சள் தாள் ஒட்டாமல் பர்லியார் தாண்ட மாட்டார். மஞ்சள்தான் மிஸ்ட்டைத் துளைக்கும்.

இயற்பியல் டீச்சர் | காலை 9.40
துளைக்காது சார். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான சிதறல் காற்று மூலக்கூறுகளால் வருவது. மிஸ்ட்டின் நீர்த்துளி சில மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரை இருக்கும். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. அவ்வளவு பெரிய துளிக்கு நீலமும் ஒன்றுதான், மஞ்சளும் ஒன்றுதான். லைட்டைத் தாழ்வாகப் பொருத்தி, மேல்நோக்கி ஒளி போகாமல் வெட்டியிருந்தால்தான் ரோடு தெரியும். கண் உயரத்தில் மாட்டினால் எந்த நிறமாக இருந்தாலும் முன்னால் வெள்ளைச் சுவர்தான்.

லாரிக்காரர் மகன் | காலை 9.55
பிரான்ஸ் நாட்டில் 1993 வரை ஹெட்லைட் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இயற்பியல் தெரியாதா டீச்சர்?

இயற்பியல் டீச்சர் | காலை 10.10
1993இல் அவர்களே அதை விட்டுவிட்டார்களே சார். நீலத்தைக் கழித்தால் கண்ணுக்குக் கூச்சம் குறையும், அந்த அளவுக்கு உங்கள் அப்பாவின் அனுபவம் சரிதான். துளைப்பது என்பதுதான் வேறு கதை.

குன்னூர்க்காரன் | காலை 10.31
மஞ்சளோ வெள்ளையோ, எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காதீர்கள் சாமிகளா. வாரக் கடைசியில் மலை ஏறும் பாதி வண்டி கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி வருகிறது. டிப் செய்வதே கிடையாது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதும் யாருக்கும் தெரிவதில்லை.

டிஎன்43 தம்பி | காலை 10.40
அதைக் கீழே இருந்து வருகிறவர்களிடம் சொல்லுங்கள். ஊட்டி – மசினகுடி ரோட்டில் கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டியை விடுவதில்லையே, காரணம் இதுதான்.

குன்னூர்க்காரன் | காலை 10.44
கல்லட்டியில் விடாதது பிரேக் விஷயம் தம்பி. 36 வளைவும் பிரேக்கிலேயே இறங்கினால் சூடேறி விட்டுவிடும். லைட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கேத்தி தோட்டக்காரி | மதியம் 1.15
மேலே யாரும் ஒன்றைக் கேட்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஆர்பிஎம் மட்டுமா மாறுகிறது? ஹேண்டிலும் கடைசி வரை திரும்புகிறது. தம்பி, லைட்டை எதில் மாட்டியிருக்கிறீர்கள், ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? சமீபத்தில் ஹேண்டிலில் ஏதாவது மாற்றினீர்களா?

அரவேணு_350 | மதியம் 1.50
லைட் லெக் கார்டில். ஸ்விட்ச் ஹேண்டிலில், இடது பக்கம். ஹேண்டில் மாற்றவில்லை அக்கா. முதுகு வலிக்காக ஹேண்டிலை உயர்த்தும் ஒன்றரை அங்குல ரைசர் மட்டும் போட்டேன், லைட் மாட்டிய அதே வாரம், வேறு கடையில். அதற்கும் லைட்டுக்கும் என்ன?

கேத்தி தோட்டக்காரி | மதியம் 2.20
எல்லாமே அதுதான் தம்பி! லெக் கார்டு அசையாது. அதனால் லைட்டுக்குப் போகும் வயர் அசையாது. ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவது ஸ்விட்ச் வயர் மட்டும். லைட் கடைக்காரர் பழைய உயரத்துக்கு அளந்து டேக் போட்டு இறுக்கியிருப்பார். ரைசர் கடைக்காரர் ஹேண்டிலை ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார். இப்போது முழுக்கத் திருப்பினால் வயர் விறைக்கிறது. உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்கும், மேல் தோல் முழுசாகவே தெரியும். ஹேண்டில் நேரானதும் முறிந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், லைட் வரும்.

இன்று இரவே பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து லைட்டைப் போடுங்கள். ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் ஓடாதபோதே அணைந்தால் ஸ்டேட்டர் பேச்சுக்கே இடமில்லை. அணையும்போது ரிலேயிலிருந்து "டிக்" என்று சத்தம் வந்தால் ஸ்விட்ச் வயர், அதாவது ரிலேயின் 86ஆம் நம்பர் காலுக்குப் போகும் மெல்லிய வயர். சத்தம் வராமல் அணைந்தால் பேட்டரியிலிருந்து வரும் கனமான வயரையோ எர்த்தையோ பாருங்கள். எர்த்தைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள், சுரண்டிவிட்டுப் போட வேண்டும்.

பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றரை ஆம்பியருக்கு 5 போதும். வயர் முறிந்தால் லைட்தான் போகும். தோல் தேய்ந்து சேஸிஸைத் தொட்டு, ஃப்யூஸும் இல்லையென்றால் வண்டியே போகும்.

சர்க்யூட்சாமி | மதியம் 3.05
வயர் முறிவும் ஒரு வாய்ப்பு என்று நானும் நினைத்தேன். ரைசர் போட்டதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். ஸ்டேட்டரையும் செக் செய்துவிடுங்கள்.

வோல்ட்மீட்டர் | மதியம் 3.12
நூற்றுக்கு நூறு இப்போது எத்தனை அண்ணா?

ஒன்பதாம் வளைவு | மாலை 5.30
முதுகு வலியைப் பற்றி யாரும் பேசக் காணோம். சீட் வாங்கும் முன் காற்றடைக்கும் குஷன் ஒன்று போட்டுப் பாருங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, அதைப் பந்து மாதிரி ஊதிவிடுவது. அப்புறம் வளைவில் வண்டி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். உட்கார்ந்த பிறகு காற்றை இறக்கிக்கொண்டே வாருங்கள், சீட்டிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கினால் போதும். ரைசர் போட்டும் வலி குறையவில்லையென்றால் முதுகு நிமிர்ந்து எடை முழுக்க இடுப்பெலும்பில் இறங்குகிறதோ என்னவோ. மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ, அரவேணுவில் ஒரு டீ. அதுதான் என் வைத்தியம்.

டிஎன்43 தம்பி | மாலை 5.41
அரவேணு அவர் வீடே ப்ரோ.

அரவேணு_350 | வெள்ளி, இரவு 9.25
அக்கா சொன்னதுதான். வலது பக்கம் முழுதும் திருப்பினால் டிக் சத்தம், லைட் காலி. டேக்கை வெட்டி, ஹேண்டில் திரும்பும் கோன்செட் பக்கத்தில் வயரைப் பிரித்தால் உள்ளே நாலைந்து இழைதான் மிச்சம். புது வயர் அரையடி சேர்த்து சோல்டர் செய்து, தொய்வாக விட்டாயிற்று. ஃப்யூஸ் இல்லவே இல்லை, போட்டுவிட்டேன். நன்றி எல்லோருக்கும். நாளை ஏறுகிறேன்.

கேத்தி தோட்டக்காரி | வெள்ளி, இரவு 9.40
சந்தோஷம். ஏறும் முன் இன்னொன்று. வயர் விறைத்தது என்றால் ஆக்சிலேட்டர் கேபிளும் விறைத்திருக்கும். எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஆர்பிஎம் கொஞ்சம் ஏறினாலும் வண்டியை எடுக்காதீர்கள், வளைவில் தானாக இழுக்கும். பிரேக் ஹோஸையும் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

கேத்தி தோட்டக்காரி | சனி, மாலை 4.10
தம்பி, கேபிள் பார்த்தீர்களா?

கேத்தி தோட்டக்காரி | ஞாயிறு, காலை 8.30
வீடு போய்ச் சேர்ந்தீர்களா?

அரவேணு_350 | திங்கள், மதியம் 12.05
சேர்ந்தாயிற்று அக்கா. கேபிளும் மாற்றினேன்.

லாரிக்காரர் மகன் | திங்கள், மதியம் 12.20
லைட் என்ன கலர் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே.